ஒரு லாரி ஜல்லி எங்கே போச்சு?

தார் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் தோப்பு வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். ரோட்டிலிருந்து வீட்டு வாசல் வரை முப்பது நாற்பது மீட்டருக்கு ஒரு மண் பாதை போகும். கொங்குப் பக்கம் என்றால் இரண்டு பக்கமும் வேலி வைத்த இட்டேரியாகக்கூட இருக்கும். மழைக்காலம் வந்தால் அதில் கார் சிக்கும். பால்காரர் வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வருவார். "இந்த வருஷம் ஒரு லோடு ஜல்லி அடிச்சுட வேண்டியதுதான்" என்று வீட்டில் பேச்சு எழும். லாரி வரும், ஜல்லி கொட்டும், ஆட்கள் பரப்பிவிடுவார்கள். பாதை பளிச்சென்று ஆகிவிடும்.

அடுத்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் அதே பாதையைப் போய்ப் பாருங்கள். மறுபடியும் சேறு. கொட்டிய ஜல்லியில் பாதியைக் காணோம்!

யாரும் அள்ளிக்கொண்டு போகவில்லை. வெயிலில் ஆவியாகிப் போக அது கற்பூரமும் இல்லை, கருங்கல். அப்புறம் எங்கே போச்சு?

கொஞ்சம், சக்கரம் தெறிக்கவிட்டதில் ஓரத்துப் புல்லுக்குள் கிடக்கிறது. கொஞ்சத்தை மழைத் தண்ணீர் சரிவில் உருட்டிக்கொண்டு போயிருக்கிறது. மிச்சத்தைக் கண்டுபிடிக்கக் கடப்பாரை வேண்டும். வண்டித் தடத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டிப் பாருங்கள். (வீட்டில் கேட்டுவிட்டுத் தோண்டுங்கள். பாதையைப் பெயர்த்ததற்கு நான் பொறுப்பல்ல.) களிமண்ணுக்குள்ளே ஜல்லி புதைந்து கிடக்கும். மேலே போட்ட கல் கீழே போய்விட்டது, கீழே இருந்த சேறு மேலே வந்துவிட்டது.

கல் எப்படி மண்ணுக்குள் இறங்கும்? மண்ணைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். மணல் துகளைக் கண்ணால் பார்க்க முடியும், விரலுக்கிடையில் வைத்து உருட்ட முடியும். களிமண் துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது. அதுவும் உருண்டையாக இருக்காது, மெல்லிய தகடாக இருக்கும். காய்ந்திருக்கும்போது இந்தத் தகடுகள் ஒன்றோடொன்று இறுகிப் பிடித்துக்கொள்கின்றன. சித்திரை வெயிலில் காய்ந்த வயலில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு அந்த மண்கட்டி எப்படிக் குத்தும் என்று தெரியும். தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்துவிட்டால் அவை ஒன்றின் மேல் ஒன்று வழுக்க ஆரம்பிக்கின்றன.

இன்னொன்றும் நடக்கிறது. துகளோடு துகள் அழுந்தினால்தான் உராய்வு இருக்கும், உராய்வு இருந்தால்தான் மண் நகராமல் நிற்கும். இடுக்கெல்லாம் தண்ணீர் நிரம்பியிருக்கும் நேரத்தில் ஒரு சக்கரம் ஏறினால், பாரத்தில் ஒரு பங்கைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. துகள்கள் ஒன்றையொன்று அழுத்துவது அந்த அளவுக்குக் குறைகிறது, உராய்வும் குறைகிறது. பக்கவாட்டில் தள்ளினால் தண்ணீர் எதிர்த்து நிற்குமா என்ன? மண் நழுவுகிறது. மேலே இருக்கும் கல் ஒரு நூல் அளவு இறங்குகிறது, அந்த இடத்திலிருந்த சேறு கல்லிடுக்கு வழியாக மேலே பிதுங்குகிறது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நூல். ஒரு மழைக்காலத்துக்கு எத்தனை வண்டி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண் என்றால் தொல்லை இன்னும் அதிகம். அது மழையில் உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதன் மேல் போட்ட பாதை வருஷம் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

இதையெல்லாம் இருநூறு வருஷத்துக்கு முன்பே யோசித்து, சண்டை போட்டு, நிரூபித்தும் காட்டியவர் ஒருவர் உண்டு. ஜான் லௌடன் மெக்காடம். ஸ்காட்லாந்தில் 1756இல் பிறந்தவர். அப்பா இறந்ததும் 14 வயதில் கப்பலேறி நியூயார்க்கில் இருந்த உறவினரிடம் போனார். வியாபாரத்தில் பணம் சம்பாதித்து 1783இல் ஊர் திரும்பினார். ஊர்ச் சாலைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வந்தது. அந்தக் காலத்துச் சாலைகள் படுமோசம், மழை வந்தால் குதிரை வண்டி அச்சு வரை புதையும். அன்றைய பொறியாளர்கள் சொன்ன மருந்து: அடியில் பெரிய பெரிய கற்களை அடுக்கு, அதன் மேல் சின்னக் கல்லைப் போடு. தாமஸ் டெல்ஃபோர்ட் என்ற பெரிய பொறியாளர் அப்படித்தான் சாலை போட்டார். நல்ல சாலைகள்தான், ஆனால் செலவு பிடித்தது.

மெக்காடம் வேறு மாதிரி யோசித்தார். வண்டியின் பாரத்தைக் கடைசியில் சுமப்பது யார்? கல்லா? கல்லும் மண் மேல்தானே உட்கார்ந்திருக்கிறது? அப்படியென்றால் சுமப்பது மண். மண் காய்ந்திருக்கும் வரை எவ்வளவு பாரம் வேண்டுமானாலும் தாங்கும், நனைந்தால் தாங்காது. ஆகவே சாலை போடுகிறவனின் முதல் வேலை மண்ணை நனையாமல் காப்பது. கல் அடுக்கு என்பது மண்ணுக்கு மேல் வேய்ந்த கூரை, அவ்வளவுதான். இந்த ஒரு யோசனையை வைத்துக்கொண்டு, பெரிய கல் அடித்தளமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அக்கம்பக்கத்து நிலத்தைவிடச் சாலையைக் கொஞ்சம் உயர்த்து, பக்கத்தில் வாய்க்கால் வெட்டு, உடைத்த சின்னக் கற்களை மட்டும் அடுக்கடுக்காகப் போடு என்றார். 1816இல் பிரிஸ்டல் நகரத்துச் சாலைகள் அவர் கைக்கு வந்தன. சாலை போடுவது, பழுது பார்ப்பது பற்றி அதே ஆண்டும் 1819இலும் எழுதிப் புத்தகமும் போட்டார். அதற்குப் பிறகு உலகம் முழுக்க அவர் முறைதான். நம் ஊர் கப்பி ரோடும் அந்த வழியில் வந்ததுதான். இன்றைக்கும் நெடுஞ்சாலைத் துறைக்காரர்கள் 'டபிள்யூ.பி.எம்.' என்று ஒரு அடுக்கைச் சொல்வார்கள், அதில் கடைசி எழுத்து மெக்காடம்தான்.

கல்லின் அளவில் அவர் படு கறார். 6 அவுன்ஸுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 170 கிராமுக்கு மேல் எந்தக் கல்லும் இருக்கக் கூடாது. மேலடுக்கில் இன்னும் சிறிசு, 2 சென்டிமீட்டர் போதும். அன்றைய வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை 4 அங்குலம் அகலம். கல் அதைவிடச் சின்னதாக இருந்தால் சக்கரம் ஒரே நேரத்தில் பல கற்களின் மேல் ஏறும், எந்தக் கல்லையும் புரட்டிவிட முடியாது. உட்கார்ந்த இடத்திலேயே சின்னச் சுத்தியலால் கல் உடைக்கலாம் என்பதால் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும்கூட வேலை கிடைத்தது. வாய்க்குள் நுழைகிறதா என்று பார்த்துத்தான் கல்லின் அளவைச் சோதித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. ஒரு தொழிலாளி பெரிய பெரிய கல்லாக உடைத்து வைத்திருந்தாராம், ஏன் என்று பார்த்தால் அவருக்கு வாயில் பல்லே இல்லையாம்! கதை நிஜமோ இட்டுக்கட்டியதோ, நீங்கள் முயற்சி செய்ய வேண்டாம்.

சரி, கல் வேலையே செய்வதில்லையா? செய்கிறது. ஒரு சின்னக் கணக்கு. காரின் ஒரு சக்கரத்தில் 300 கிலோ பாரம் என்று வைத்துக்கொள்வோம். டயர் தரையைத் தொடும் இடம் ஒரு பெரிய ஆளின் உள்ளங்கை அளவுதான், சுமாராக 12 சென்டிமீட்டருக்கு 12 சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோவுக்கும் மேல் விழுகிறது. நடுவில் 15 சென்டிமீட்டர் கனத்துக்கு ஜல்லி இருந்தால், ஒரு கல் தன் கீழே இருக்கும் இரண்டு மூன்று கற்களுக்குப் பாரத்தைக் கொடுக்கும், அவை இன்னும் கீழே இருப்பவற்றுக்குக் கொடுக்கும். பாரம் 45 டிகிரி சாய்வில் விரிகிறது என்று எடுத்துக்கொண்டால், மண்ணைத் தொடும்போது அது 42 சென்டிமீட்டருக்கு 42 சென்டிமீட்டராக ஆகியிருக்கும். பரப்பு 12 மடங்கு, ஆகவே அழுத்தம் 12இல் ஒரு பங்கு. ஜல்லியின் வேலை இதுதான், பாரத்தைப் பங்கு பிரிப்பது.

ஆனால் கற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால்தான் பங்கு பிரிக்க முடியும். இதற்கு ஒரு சோதனை. ஒரு கிண்ணம் நிறைய ஆற்றுக் கூழாங்கல், இன்னொரு கிண்ணம் நிறைய அதே அளவு ஜல்லி எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடம் கட்டும் இடத்தில் கேட்டால் ஒரு கை ஜல்லி கொடுக்க மாட்டார்களா? இரண்டையும் தரையில் தனித்தனிக் குவியலாகக் கொட்டுங்கள். ஜல்லிக் குவியல் கூம்பாக உயர்ந்து நிற்கும், கூழாங்கல் பரவிப் படுத்துவிடும். இப்போது இரண்டின் மேலும் காலை வைத்து மெல்ல அழுத்துங்கள். கூழாங்கல் உருண்டு விலகிக் காலுக்கு வழி விடும். ஜல்லி 'கறக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு இறுகி நிற்கும். உடைத்த கல்லுக்கு முனை உண்டு, தட்டையான முகம் உண்டு, ஒன்றின் மூலை இன்னொன்றின் இடுக்கில் போய் மாட்டிக்கொள்கிறது. ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கூழாங்கல்லை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்கவே முடியாது. சில பங்களா வாசல்களில் அழகுக்காக வெள்ளைக் கூழாங்கல்லைக் கனமாகப் பரப்பியிருப்பார்கள். செருப்புப் போட்டு நடக்கவே கால் புதையும், காரை அதில் திருப்பச் சொல்லிப் பாருங்கள்.

முனையுள்ள கல் மட்டும் போதாது, பல அளவுக் கல்லும் வேண்டும். ஒரு லிட்டர் பாட்டிலின் மேல் பாகத்தை வெட்டிவிட்டு ஒரே அளவு ஜல்லியால் நிரப்புங்கள். நிறைந்துவிட்டது. இப்போது அளந்து அளந்து தண்ணீர் ஊற்றினால் ஏறத்தாழ 400 மில்லி உள்ளே போகும். ஐந்தில் இரண்டு பங்கு வெறும் காற்றாக இருந்திருக்கிறது! தண்ணீரை வடித்துவிட்டுச் சின்ன ஜல்லியைப் போட்டுக் குலுக்குங்கள், பிறகு கிரஷர் தூளைப் போட்டுக் குலுக்குங்கள். இடுக்கெல்லாம் அடைந்து, பாட்டிலைச் சாய்த்தாலும் கொட்டாத கட்டியாக ஆகிவிடும். ரோடு போடுகிறவர்கள் ஒன்றரை ஜல்லி, முக்கால் ஜல்லி, சிப்ஸ், தூள் என்று கலந்து கேட்பது இதனால்தான். அடியில் பெரிய கல், இடுக்கு வழியாகத் தண்ணீர் வெளியேற வசதி. மேலே தூள் கலந்த சின்னக் கல், தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்தோட வசதி. முக்கால் ஜல்லியை மட்டும் ஒரு லோடு கொட்டிப் பரப்பினால் அது பிடிமானமே இல்லாமல் சக்கரத்துக்குத் தெறித்துக்கொண்டேதான் இருக்கும்.

களிமண் நிலத்தில் இன்னொரு தந்திரமும் உண்டு. மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே ஒரு துணி விரிப்பது. தண்ணீரை விடும், சேற்றை விடாது, கல்லையும் இறங்க விடாது. பிளாஸ்டிக் இழையில் நெய்ததும் கிடைக்கிறது, தென்னை நாரில் நெய்ததும் கிடைக்கிறது. கிராமச் சாலைத் திட்டத்தில் தென்னை நார் விரிப்பைப் பயன்படுத்த ஒன்றிய அரசு 2020இல் அனுமதி கொடுத்தது. அதற்குத் தேர்ந்தெடுத்த மாநிலங்களில் தமிழ்நாடும் உண்டு. நார் சில வருஷத்தில் மக்கிப்போகுமே என்று கேட்பீர்கள். மக்கும். அதற்குள் அடியில் இருக்கும் மண் அழுந்தி இறுகிவிடும் என்பதுதான் கணக்கு.

இப்போது தண்ணீருக்கு வருவோம். எவ்வளவு தண்ணீர் என்று முதலில் தெரிய வேண்டும். பாதை 30 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், அதாவது 90 சதுர மீட்டர். அதன் மேல் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 60 குடம். வடகிழக்குப் பருவமழையில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் கொட்டுவது அதிசயமில்லை. அப்போது 600 குடம், பாதையின் மேல் விழுவது மட்டும். கூரையிலிருந்தும் மேட்டுத் தோட்டத்திலிருந்தும் ஓடி வருவது தனி.

இவ்வளவையும் வெளியே அனுப்பக் கொத்தனார்களிடம் ஒரு சொல் இருக்கிறது: வாட்டம். மொட்டை மாடிக்குத் தளம் போட்டாலும் குளியலறைக்குத் தளம் போட்டாலும் "தண்ணி வாட்டம் எந்தப் பக்கம்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஜல்லிப் பாதைக்கு வாட்டம் இரண்டு பக்கமும். நடு உயர்ந்து, ஓரங்கள் தாழ்ந்து, ஆமை ஓட்டின் மேல்பக்கம் போல இருக்க வேண்டும். 100க்கு 4 என்பது நல்ல அளவு. நம் பாதையில் நடுவிலிருந்து ஓரம் 150 சென்டிமீட்டர், ஆகவே நடு 6 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் போதும். அளக்க நீளமான நேர்ப்பலகை, ரசமட்டம், ஸ்கேல் இருந்தால் நீங்களே அளந்துவிடலாம். மெக்காடம் 30 அடி அகலச் சாலைக்கு நடுவில் 3 அங்குல உயர்வே போதும் என்றார், அதாவது 100க்கு 2கூட இல்லை. அவருடைய கல் பரப்பு வண்டி ஓடி ஓடி நன்றாக இறுகியது. தோப்பு வீட்டுப் பாதையில் எப்போதும் ஒரே இரண்டு தடத்தில்தான் சக்கரம் ஓடும், தடம் அழுந்தும், வாட்டம் குறையும். அதனால் முதலிலேயே கொஞ்சம் கூட வைப்பது நல்லது. ரொம்பக் கூட வைத்தால் கார் சாய்ந்து ஓடும், எல்லோரும் நடுவிலேயே ஓட்டுவார்கள், ஜல்லி ஓரத்துக்கு நகரும்.

வாட்டம் சரியாக இருந்தும் தண்ணீர் தேங்குகிறதா? பாதையில் எதையும் தேடாதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். தெறித்த ஜல்லியும் மண்ணும் சருகும் ஓரத்தில் சேரும், அதில் புல் முளைக்கும், புல் இன்னும் மண்ணைப் பிடிக்கும். ஒன்றிரண்டு வருஷத்தில் நான்கு விரல் உயரத்துக்கு ஒரு குட்டி வரப்பு உண்டாகிவிடும். பச்சையாக, பார்க்க அழகாகக்கூட இருக்கும். நடுவிலிருந்து இறங்கி வந்த தண்ணீர் அந்த வரப்பில் முட்டி, வாய்க்காலுக்குப் போக முடியாமல், பாதையின் ஓரத்தையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடும். என்னைக் கேட்டால் ஜல்லி லாரிக்கு போன் போடுவதற்கு முன்னால் ஒரு மண்வெட்டியை எடுத்து இந்த வரப்பை வெட்டி எறிய வேண்டும். காசே செலவில்லாத வேலை, அதனால்தானோ என்னவோ யாரும் செய்வதில்லை.

ஓரம் தாண்டிய தண்ணீர் வாய்க்காலில் விழும். வாய்க்காலின் தரை ஜல்லி அடுக்கின் அடிமட்டத்தைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது தண்ணீரை வாங்காது, திருப்பிக் கொடுக்கும். அதற்கும் வாட்டம் வேண்டும், போய்ச் சேர ஓர் இடமும் வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக்குள் விட்டால் மழையைவிடப் பெரிய சண்டை வரும். குளத்துக்குப் போகும் ஓடையிலோ தோப்புக்குள் வெட்டிய குழியிலோ விடலாம். வீட்டுப் பாதை தார் ரோட்டில் சேரும் இடத்தில் ரோட்டோர வாய்க்கால் குறுக்கே வரும், அங்கே சிமென்ட் குழாய் பதித்து மேலே பாதை போடுவார்கள். எல்லோரும் சொல்லும் 'ஹியூம் பைப்', வால்டர் ஹியூம் என்ற ஆஸ்திரேலியர் 1910இல் கண்டுபிடித்த முறையில் அச்சைச் சுழற்றிச் செய்வது. குழாய்க்கு மேல் குறைந்தது ஒரு அடிக்கு மண்ணும் கல்லும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லாரி ஏறும்போது உடையும். குறுகலான குழாயைப் போட்டு மிச்சம் பிடித்தால், முதல் மழையிலேயே தென்னை மட்டையும் பாலித்தீன் பையும் போய் அடைத்துக்கொள்ளும்.

பாதை சரிவில் இறங்குகிறது என்றால் கதை மாறும். தண்ணீர் பக்கவாட்டில் போவதைவிட்டுச் சக்கரத் தடத்திலேயே நீளவாக்கில் ஓட ஆரம்பிக்கும், ஓட ஓட வேகம் பிடிக்கும். இங்கே அறிவியலில் ஒரு பயங்கரமான விதி இருக்கிறது. ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ ஆவதில்லை, ஏறத்தாழ 64 மடங்கு ஆகிறது! இரண்டை ஆறு தடவை பெருக்கிப் பாருங்கள், 64 வரும். ஆறாம் அடுக்கு விதி என்று பெயர். 1 கிராம் கல்லை உருட்டிக்கொண்டிருந்த ஓட்டம், வேகம் இருமடங்கானதும் 64 கிராம் ஜல்லியைத் தூக்கிக்கொண்டு போகிறது. மலைப் பாதைகளில் ஒரே இரவில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் பறிக்கிறதே, அது எப்படி என்று இப்போது புரிகிறதா?

இதையே திருப்பிப் போட்டு நமக்குச் சாதகமாக்கலாம். வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீர் உருட்டக்கூடிய எடை 64இல் ஒரு பங்காகிவிடும். அதற்குச் சரிவுப் பாதையில் இடைவெளி விட்டு, குறுக்கே சாய்வாகக் குட்டிக் குட்டி வரப்புகள் போடுவார்கள், கார் மெல்ல ஏறி இறங்கும் அளவுக்கு. ஓடி வரும் தண்ணீர் வேகம் பிடிப்பதற்குள் அதில் திரும்பி வாய்க்காலுக்குப் போய்விடும். வாய்க்காலிலும் புல் இருக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும், சரிவு அதிகமென்றால் பெரிய கற்களைப் பாவ வேண்டும். பாதையோரப் புல்லை வெட்டு என்று சொன்ன நானே வாய்க்கால் புல்லை விடு என்கிறேன். ஓரத்தில் தண்ணீர் தடங்காமல் போக வேண்டும், வாய்க்காலில் அது மெதுவாகப் போக வேண்டும், அதுதான் விஷயம்.

சரி, ஏற்கெனவே குண்டும் குழியுமாக இருக்கும் பாதையை என்ன செய்வது? வழக்கமாகச் செய்வது, குழிக்குள் ஒரு கூடை ஜல்லியைக் கொட்டி மிதித்துவிடுவது. குழியின் ஓரம் இறுகியிருக்கும், அடி நனைந்து குழைந்திருக்கும், நாம் போட்ட கல் எதையும் பிடித்துக்கொள்ள முடியாமல் தனியாகக் கிடக்கும். வண்டி ஏறும்போதெல்லாம் தேங்கிய தண்ணீர் பீய்ச்சி அடித்துத் தூளையும் கல்லையும் வெளியே தள்ளும். ஒரு மாதத்தில் அதே குழி, கொஞ்சம் பெரிசாக.

சரியான வழிக்குக் கொஞ்சம் உடம்பு வணங்க வேண்டும். தண்ணீரை முதலில் வடிய விட வேண்டும். பிறகு குழியை மட்டும் நிரப்பாமல், அதன் அடி ஆழம் வரைக்கும் சுற்றியிருக்கும் பாதையையே கொத்திக் கிளறிவிட வேண்டும். பழைய ஜல்லி, ஓரத்தில் வெட்டியெடுத்த ஜல்லி, தேவைக்குக் கொஞ்சம் புதுசு, எல்லாவற்றையும் கலந்து, மறுபடியும் வாட்டத்தோடு பரப்பி, ரோலர் விட வேண்டும். ரோலர் இல்லாத இடத்தில் திமிசுக்கட்டை. ஒரேயடியாக ஒரு அடிக்குக் கொட்டி இடித்தால் மேல்பாகம் மட்டும் இறுகும், ஆகவே நான்கு ஐந்து அங்குலம் ஓர் அடுக்கு என்று போடுவது நல்லது.

இடிக்கும்போது எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும்? காய்ந்து கிடந்தால் துகள்கள் நகர்ந்து நெருங்காது. சொதசொதவென்றிருந்தால் இடுக்கைத் தண்ணீரே அடைத்துக்கொள்ளும். நடுவில் ஓர் அளவு இருக்கிறது. அமெரிக்காவில் மண் அணைகள் கட்டிய ரால்ஃப் பிராக்டர் என்ற பொறியாளர் 1933இல் இதை அளந்து காட்டினார். இன்றும் ரோடு, அணை எதுவானாலும் பிராக்டர் சோதனை செய்யாமல் மண் இடிப்பதில்லை. சோதனைக்கூடம் இல்லாத நாம் கையிலேயே பார்க்கலாம். தூள் கலந்த கலவையை ஒரு பிடி பிடித்து அழுத்துங்கள். உருண்டை பிடித்து, உடைத்தால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் ஒரு நாள் காய விட வேண்டும். இதனால்தான் பாதை வேலைக்கு மழை விட்ட சில நாட்கள் நல்ல நேரம். நடு வெயிலில் செய்தால் டிராக்டர் டேங்கர் தண்ணீருக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும்.

இத்தனையும் செய்து, தண்ணீர் ஒரு சொட்டுத் தேங்காத பாதையிலும் ஒரு வினோதம் வரும். செம்மண் சரளை ரோட்டில் பஸ்ஸில் போயிருந்தால் அனுபவித்திருப்பீர்கள், பல் தந்தியடிக்க, ஜன்னல் கடகடக்க, ரோடே அலை அலையாக இருக்கும். ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் ஒரு அடியிலிருந்து மூன்று அடி வரை இருக்கும், யாரோ அளந்து வெட்டியதைப் போல ஒழுங்காக. அலையை யார் செய்தது? காரின் ஸ்பிரிங்கு துள்ளுவதால் வருகிறது என்று பலரும் நினைத்தார்கள். கீத் மேதர் என்ற விஞ்ஞானி ஒரு சக்கரத்தை மணல் தடத்தில் வட்டமாக ஓட்டிப் பார்த்து 1963இல் இதைப் பற்றி எழுதினார். 2007இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் மோரிஸும் பிரிட்டன், பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து ஒரு சுழலும் மேஜையில் மணலைப் பரப்பி, அதன் மேல் ஒரு சக்கரத்தை ஓடவிட்டார்கள். சக்கரத்தில் ஸ்பிரிங்கே கிடையாது. ஆனாலும் அலை வந்தது!

காரணம் மணலும் வேகமும்தான். ஓடும் சக்கரம் முன்னால் கொஞ்சம் மணலைத் தள்ளிக்கொண்டே போகும். எங்கேயோ ஒரு சின்ன மேடு வரும், சக்கரம் அதில் ஏறி லேசாக எழும்பி, அந்தப் பக்கம் விழும். விழுந்த இடத்தில் குழிக்கும், குழித்த மணலை முன்னால் தள்ளி அடுத்த மேட்டை உண்டாக்கும். அடுத்து வரும் சக்கரமும் அதே மேட்டில் ஏறி அதே குழியில்தான் விழும். குளத்தில் ஓட்டாஞ்சில்லு எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அதன் கணக்கும் இதன் கணக்கும் நெருங்கிய சொந்தம் என்கிறார்கள் அந்த விஞ்ஞானிகள். மட்டப்படுத்திவிட்டாலும் வண்டிகள் ஓட ஓட அலை திரும்ப வரும். தடுக்க ஒரே உறுதியான வழி மெதுவாகப் போவது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனால் சக்கரம் எழும்பவே எழும்பாது, அலையும் வராது. நிஜ ரோட்டில் அந்த வேகம் மணிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர். உங்கள் வீட்டுப் பாதையில் மாமா காரை அப்படி ஓட்டிக்கொண்டு வந்தால், பின்னால் சைக்கிளில் வரும் நீங்கள் மணியடித்து முந்திக்கொண்டு போய் வாசல் கேட்டைத் திறந்துவைத்திருக்கலாம்.